தொப்பூரில் மாட்டிக்கொண்ட புத்தகங்கள்

என் தம்பி கடத்தூரில் செருப்புக்கடை வைத்திருந்தான். சின்னக் கடைதான். ஆனாலும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க ஒரு ஸ்டூல், காலை மட்டும் காட்டும் சாய்த்து வைத்த கண்ணாடி எல்லாம் இருந்தன. வருகிறவர்கள் ஒவ்வொரு ஜோடியாகப் போட்டு நடந்து பார்ப்பார்கள். தங்கள் காலுக்கு எந்த நம்பர் என்று தெரிந்துகொள்வார்கள். பிறகு கடைக்கு வெளியே போய் நின்று, அதே செருப்பை ஒரு பெரிய ஆன்லைன் கம்பெனியில் போனிலேயே ஆர்டர் போடுவார்கள். "வெளிய போயாவது போடறாங்களேக்கா" என்று சொல்லிச் சிரிப்பான். எனக்குச் சிரிப்பு வராது, பற்றிக்கொண்டுதான் வரும்.

கடையை மூடிய அன்று சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுத்துவிட்டு நேராகத் தருமபுரிக்கு என் வீட்டுக்கு வந்தான். போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை. அவன் கை கழுவப் போன நேரத்தில் என் போனில் இருந்த அந்தக் கம்பெனியின் ஆப்பை அழித்தேன். இனிமேல் பெரிய கம்பெனிக்காரன் எவனுக்கும் என் சம்பளத்தில் ஒரு பைசா கிடையாது என்று அடுப்படியில் நின்று கத்தினேன். கேட்டது என் வீட்டுக்காரர் மட்டும்தான். "சரி, மொதல்ல கொழம்ப எறக்கு, அடி புடிக்குது" என்றார்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் ஊரார் ரத்தத்தில் சர்க்கரை தேடுகிறவளுக்கு எதையும் உள்ளே என்ன இருக்கிறதென்று பார்த்தால்தான் நம்பிக்கை வரும். கடைக்குப் போனால் ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பி, யார் தயாரித்தது என்று பொடி எழுத்தைப் படிக்க ஆரம்பித்தேன். மூலிகைப் பெயர் வைத்த சோப்பின் பின்னால் ஒரு பெரிய கம்பெனி இருந்தது. நாட்டுப்புறப் பெயர் வைத்த அப்பளத்தின் பின்னாலும் இருந்தது. எனக்குப் பின்னால் நிற்பவர்கள் முனகுவார்கள், முனகட்டும் என்று படிப்பேன்.

காய்க்குப் பாப்பாரப்பட்டி சந்தை. எண்ணெய்க்கு அங்கேயே ஒரு செக்கு. சோப்பு மகளிர் குழுவினர் காய்ச்சியது. இரண்டு குளியலில் வெடித்துவிடும், நுரை என்பது பெயருக்கு. பல்பொடியை முதல் நாள் வாயில் வைத்த என் மகள் அழுதே விட்டாள். லேபில் நான் உள்ளே நுழைந்தால், "அக்கா வந்துட்டாங்க, பிஸ்கட்ட மறைங்கடி" என்பார்கள். வீட்டுக்காரர் சொல்வார், "இவ அவங்கம்மா வூட்டுக்குப் போறதுன்னாலும் பஸ்ஸு யாரோடதுன்னு விசாரிச்சுட்டுத்தான் ஏறுவா." சொல்லட்டும். ஆனால் அந்தக் கேலியில் நியாயம் இல்லாமல் இல்லை. கையில் இருக்கும் போன் யாருடையது, அடுப்புக்கு வரும் கேஸ் யாருடையது, லேபில் நான் தினம் துடைத்து வைக்கிற மெஷின் யாருடையது என்று யோசித்தால் சோறு இறங்காது. எங்கே திரும்பினாலும் தோற்றுக்கொண்டேதான் இருந்தேன்.

தோற்காத இடம் ஒன்று இருந்தது, அதுதான் புத்தகம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் பாய் ஒருவர் புத்தகக்கடை வைத்திருந்தார். அவருடைய அப்பா ஆரம்பித்த கடை. முன்பக்கம் முழுக்க கைடு, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், சார்ட் பேப்பர். உள்ளே போனால் பின்சுவரை ஒட்டி ஒரே ஒரு ரேக். அதில் கதைகள், கவிதைகள், கட்டுரைகள். அந்த ரேக்குக்கு வருகிறவர்கள் குறைந்து குறைந்து, கடைசியில் நான் மட்டும் வந்துகொண்டிருந்தேன். எனக்கு இந்த ஊரில் ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. அந்தக் கடை மூடக்கூடாது. தம்பி கடையைக் காப்பாற்ற முடியவில்லை, இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று மனசில் ஒரு வெறி.

அதனால் படிக்க எது வேண்டுமென்றாலும் பாயிடம்தான் சொல்வேன். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் கண்ணை மூடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வார். "சேலத்துல சொல்லி வரவழைச்சிடலாம்மா" என்பார். சொன்ன நாளில் மட்டும் வராது. போய்க் கேட்டால், "பார்சல் லாரி தொப்பூர்ல மாட்டிக்கிச்சும்மா" என்பார். இந்த ஊரில் இதற்கு மேல் ஒரு கேள்வி கிடையாது. சேலத்திலிருந்து வரும் எதுவும் தொப்பூர் கணவாயில் ஏறித்தான் வர வேண்டும். அங்கே லாரி கவிழ்ந்தது, ரோடு ஜாம் என்றால் கல்யாணத்துக்கு லேட்டாக வந்தவரைக்கூட யாரும் கோபிப்பதில்லை. நானும் டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

புத்தகம் வந்ததும் அதற்கு பிரவுன் அட்டை போட்டுத்தான் கொடுப்பார். ஜூன் மாதம் ஆனால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பள்ளிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அட்டை போட அவர் கடைக்குத்தான் வருவார்கள். கத்தரி வைக்காமல், நகத்தாலேயே மடிப்பை அழுத்தி, மூலை பிசகாமல் போடுவார். என் புத்தகத்துக்கும் அப்படிப் போட்டு, லேபிள் ஒட்டி, அழகான கையெழுத்தில் பெயரை எழுதி, அவருடைய அப்பா காலத்திலிருந்து கொடுத்துவரும் கழிவையும் விலையில் கழித்துத்தான் காசு வாங்குவார். என் வீட்டு அலமாரி முழுக்க பிரவுன் அட்டைகள். வருகிறவர்கள் பள்ளிக்கூட லைப்ரரி மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

இதற்கிடையில் தம்பி அந்தக் கம்பெனியிலேயே டெலிவரி வேலைக்குச் சேர்ந்தான். தருமபுரி டவுன்தான் அவன் லைன். என்னிடம் வந்து சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் திட்டவில்லை. வீட்டில் குழந்தை இருக்கிறது, பால் வாங்க வேண்டும், என் கொள்கையைக் காய்ச்சியா குடிப்பான்? "பாத்து ஓட்டுடா" என்று மட்டும் சொன்னேன். அவன் போனபின் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். அந்தப் பெரிய பையை முதுகில் மாட்டிக்கொண்டு அவன் போவதைத் தெருவில் பார்க்க நேர்ந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அவனைப் பிடிக்காமல் இல்லை. என்னால் பார்க்க முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் லேப் முடிந்து பாய் கடையில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். ஒரு பைக் வந்து நின்றது. முதுகுப் பையோடு இறங்கியது தம்பி. என்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துச் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. படியில் ஒரு காலை வைத்தபடியே நின்றான். கையில் ஒரு பார்சல்.

பாய் அவசரமாக, "அங்க வச்சுட்டுப் போ தம்பி" என்றார்.

"ஓடிபி சொல்லணும் பாய்" என்றான்.

பார்சலின் மேல் அந்தக் கம்பெனியின் டேப் ஒட்டியிருந்தது. எனக்குத் தலைக்கேறிவிட்டது. "என்ன பாய், நீங்களுமா? உங்க கடைக்கே வேட்டு வைக்கிறவன்கிட்ட போயி நீங்களே வாங்கறீங்களா? வேற யாராவது செஞ்சா பரவால்ல, நீங்க செய்யலாமாங்க?" சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

பாய் ஜாமெட்ரி பாக்ஸ்களை எடுத்து நேராக அடுக்க ஆரம்பித்தார். அவை ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன.

தம்பிதான் சொன்னான். "கத்தாதக்கா. அது உன் புஸ்தகந்தான்."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அவனைப் பார்த்தேன், பாயைப் பார்த்தேன். போன மாதம் நான் கேட்ட, தொப்பூரில் மாட்டிக்கொண்டிருந்த புத்தகம் அந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்தது.

"எத்தன நாளாடா?"

"நான் வேலைக்குச் சேந்ததுலேர்ந்து நாந்தான் கொண்டாறேன். அதுக்கு முன்ன யாரு கொண்டாந்தாங்களோ. இதெல்லாம் ஓசூர் பக்கத்துலேர்ந்து வருதுக்கா. தொப்பூர் வழியா வர்றதே இல்ல."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"பாய் வேணாம்னாரு. எனக்கும் மனசு வரல. நீ இத ஒண்ணயாச்சும் நம்பிக்கிட்டு இருந்த."

ஓடிபியை வாங்கிக்கொண்டு போய்விட்டான். அவனுக்கு இன்னும் நிறைய வீடுகள் பாக்கி இருந்தன. நான் கைடு கட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"சேலத்துல ஒண்ணு ரெண்டுக்கெல்லாம் அனுப்பறத நிறுத்திட்டாங்கம்மா. மொத்தமா எடுத்தாத்தான் அனுப்புவாங்களாம். மொத்தமா எடுத்து நான் யாருக்குக் குடுக்கறது?"

"இல்லைன்னு சொல்லியிருக்கலாமே பாய்."

"இல்ல இல்லன்னு சொல்லித்தான் எல்லாரும் போயிட்டாங்க. கதப் புஸ்தகம் கேட்டு இந்தக் கடைக்குள்ள வர்றது நீங்க ஒருத்தங்கதான். உங்களுக்கும் இல்லன்னுட்டா, அப்புறம் நான் பென்சில் விக்கிறவன். அவ்ளோதாம்மா."

அந்தக் கம்பெனியில் முழு விலை கொடுத்து வாங்கி, எனக்கு அப்பா காலத்துக் கழிவு கழித்துக் கொடுத்திருக்கிறார். நான் கடையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வாங்கிய ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர் கையிலிருந்து காசு போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து அட்டையைக் கழற்றினேன். பின்பக்கத்தில் கோடு கோடாக அந்தக் கம்பெனியின் ஸ்டிக்கர். அடுத்ததிலும் இருந்தது. சிலவற்றில் அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, முழுசாக வராமல் விட்டிருந்தார். தரையெல்லாம் பிரவுன் தாள். நான் அதற்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அன்றைக்கு என் வீட்டுக்காரர் கேலி பேசவில்லை. என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பக்கத்தில் உட்கார்ந்து, கழற்றிய அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய மடிப்பிலேயே திரும்பப் போட்டு அடுக்கி வைத்தார்.

அதன்பிறகும் பாய் கடைக்குப் போனேன். ஆனால் புதிதாக எதுவும் கேட்கவில்லை. ரேக்கில் இருப்பதை எடுத்தேன், என்னிடம் ஏற்கெனவே இருப்பதையும்கூட. அவருக்கு அது புரிந்துவிட்டது. "ஏம்மா, இப்பல்லாம் புதுசு எதும் வேணாமா?" என்று ஒருநாள் கேட்டார். கேட்ட முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் புதிதாகக் கேட்டால் அவருக்கு நஷ்டம், கேட்காவிட்டால் அவர் பென்சில் விற்கிறவர். வாய்க்கு வந்த ஒரு புத்தகத்தின் பெயரைச் சொன்னேன். கண்ணை மூடி ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஜூனில் அட்டை போட யாரும் வரவில்லை. புத்தகம், நோட்டு, அட்டை, லேபிள் எல்லாவற்றையும் பள்ளிக்கூடங்களே கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டன. ஜூலையில் பாய் கடையைக் காலி செய்தார். கிருஷ்ணகிரியில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறார் என்றார்கள். லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

ரேக் காலியாக இருந்தது. கடைக்குள் ஒரு நாற்காலியும் மேசையும் மட்டும். மேசைமேல் நான் கடைசியாகக் கேட்ட புத்தகம். எப்போதும் பிரவுன் அட்டையிலேயே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கலர் படம் தெரிய அது கிடந்தது யாரோ ஒருவருடைய புத்தகம் மாதிரி இருந்தது.

"இதுக்கு அட்ட போடலம்மா. இனிமே எதுக்கு?" என்றார்.

காசு கொடுத்தேன். கழிவு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, கழித்துக்கொண்டுதான் வாங்கினார். புத்தகத்தைத் திருப்பிப் பார்க்காமல் பைக்குள் வைத்தேன்.

"அப்புறம் புஸ்தகத்துக்கு என்னம்மா செய்வீங்க?"

உண்மையில் எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியவில்லை. ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை.

"சேலத்துல சொல்லி வரவழைச்சுக்கறேன் பாய்."

"ஒண்ணு ரெண்டுன்னா வந்து சேர நாளாகுமேம்மா."

"ஆவட்டுங்க பாய். தொப்பூர்ல மாட்டிக்கிச்சுன்னு நெனச்சுக்கறேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுந்து என்னோடு வெளியே வந்து ஷட்டரைப் பிடித்தார். துருப்பிடித்த ஷட்டர், பாதியில் நின்றுவிட்டது. அவர் இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு நானும் ஒரு பக்கம் பிடித்து, அவரோடு சேர்ந்து கீழே இறக்கினேன்.