நீலக் குதிரைக்காரன் அம்மா

ராட்டினத்தின் ஓரமாக நிற்பதும் ஒரு உத்தியோகம்தான். சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஏச்சு மட்டும் ஜாஸ்தி. என்னைப் போலப் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என் இளையவன் சேகருக்குப் பேச்சு கம்மி. முகம் பார்க்க மாட்டான். தீபத் திருவிழாவுக்கு எங்கள் திருவண்ணாமலைக்கு வரும் குடை ராட்டினத்தில் ஒரு நீலக் குதிரை இருந்தது. அதுதான் அவனுக்கு உயிர். 'ஆட்டிசம்' என்ற வார்த்தையை என் மகள் விஜயா நர்ஸ் வேலைக்குப் போன பிறகுதான் கேள்விப்பட்டேன். அதுவரை ஊர் கொடுத்த வார்த்தைகளைத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.

கையை உதறினான்

குதிரை சுற்றத் தொடங்கியதும் சேகர் இரண்டு கையையும் சிறகு மாதிரி உதறுவான். அவன் சந்தோஷம் அப்படித்தான் வெளியே வரும். பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என் தோளைத் தட்டி, "ஏம்மா, புள்ளைக்குக் காத்து கருப்பு எதனா இருக்கப் போவுது, வேப்பிலை அடிச்சியா?" என்றாள். காலையும் மாலையும் விளக்கேற்றிக் கும்பிடுகிற வீட்டுப் பிள்ளைக்குக் காற்றுக் கருப்பாம்! ஆனாலும் தன்மையாகவே, "சந்தோஷமா இருக்காம்மா, வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் நம்பவில்லை. தன் குழந்தையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்: "சந்தோஷம்னா சிரிக்கணும். கையை ஏன் உதறணும்?"

எந்தக் குதிரையானால் என்ன?

எங்கள் வீட்டிலேயே இருக்கும் என் வீட்டுக்காரருடைய அண்ணன் ஒருமுறை எங்களோடு வந்தார். நீலக் குதிரையில் வேறொரு குழந்தை இருந்தது. அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கலாம் என்றேன். கேட்காமல் சேகரைத் தூக்கி வெள்ளைக் குதிரையில் வைத்தார். அவன் வழுக்கி இறங்கி மண்ணில் படுத்துக் கதறினான். "அடம்! நாலு போட்டா எந்தக் குதிரையிலயும் உக்காருவான். எல்லாம் நீ குடுக்கற செல்லம்" என்று அத்தனை பேர் முன்னால் என்னைத் திட்டினார். பிள்ளையைத் தூக்கி மண்ணைத் தட்டிவிட்டேன்.

மறுநாள் காலையில் அவருக்கு வழக்கமான எவர்சில்வர் டம்ளருக்குப் பதிலாகப் பித்தளை டம்ளரில் காபி வைத்தேன். வேண்டுமென்றேதான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்: "என்னம்மா இது, என் டம்ளர் எங்க? இதுல குடிச்சா காபி மாதிரியே இல்லியே!"

வெறும் தரை

திருவிழா முடிந்து ராட்டினத்தைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். சேகர் விட மாட்டான். மைதானத்தில் அது நின்ற இடத்தில், மண்ணில் பதிந்த வட்டத்தின் மேலேயே நடப்பான். ராட்டினம் போலவே வலப்பக்கமாக. நான் ஓரமாக உட்கார்ந்து நாமம் சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு பௌர்ணமி சாயங்காலம், உடம்பெல்லாம் விபூதி பூசி மலை சுற்றக் கிளம்பிய ஒரு பெரிய மனிதர் நின்று வேடிக்கை பார்த்தார். மலையை மனிதர் சுற்றினால் புண்ணியம். இவன் சுற்றினால் மட்டும் வேடிக்கையா?

செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டார்: "ஒண்ணுமே இல்லாத எடத்தைச் சுத்தறானே, இன்னாத்தக் கண்டான்?"

இடமும் வலமும்

அடுத்த வருஷம் ராட்டினத்துக்குப் புது முதலாளி. ஒரே பக்கம் சுற்றி அச்சு தேய்ந்துவிட்டதாம். குதிரைகளைத் திருப்பி மாட்டி இடப்பக்கமாக ஓட்டினார். நீலக் குதிரையில் ஏறிய சேகர், அது நகர்ந்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். ராட்டினத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. பழைய மாதிரி ஓட்டுங்கள் ஐயா என்று கெஞ்சினேன். "இனிமே இந்தப் பைத்தியத்த இங்க இட்டுகினு வராத, வியாபாரம் கெடுது" என்றார். வருஷம் முழுக்க இதற்காகவே காத்திருந்த பிள்ளை! அப்போதுதான் சேகர் வாய் திறந்தான்: "வலம்... வலம்..." கோயிலில் தினமும் நான் அவனுக்குச் சொல்லும் வார்த்தை.

மாட்டுச் சந்தைக்கு வந்திருந்த கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவர் கையில் தும்புக் கயிற்றோடு முன்னால் வந்தார். "யோவ், புள்ள சொல்றது கேக்கலியா? அண்ணாமலையார் ஊர்ல எவன்யா எடமா சுத்துவான்? எறக்குங்கம்மா உங்க புள்ளைங்கள!" அவ்வளவுதான். என் பிள்ளை அழுதபோது முகம் சுளித்த தாய்மாரெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரவர் குழந்தைகளை இறக்கினார்கள். முதலாளி ஸ்பானரோடு குதிரைகளைத் திருப்பி மாட்டும்வரை ஒருவரும் முணுமுணுக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்: "உன் புள்ளைய மொதல்ல ஏத்தும்மா. அவன் ஏறினாத்தான் இந்த ஜனங்க ஏறுவாங்களாம்."

சேகர் கையை உதறினான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் கற்றது இதுதான்: ஒரு பிடிவாதத்தை என் பிள்ளை தனியாகப் பிடித்தால் அடம், ஊரே சேர்ந்து பிடித்தால் சம்பிரதாயம்.