ஆவணிக்குக் காத்திருந்த டயர்கள்

நூல் தெரிகிற அளவுக்குத் தேய்ந்த டயரில் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது, கம்பெனி சொன்ன அதே அளவில் புத்தம்புது டயர் நாலு கைக்கு வந்தால், அதற்கு மஞ்சள் பூசி மச்சில் ஏற்றி வைப்பீர்களா? எங்கள் வீட்டில் வைத்தார்கள்.

கார் அத்தானுடையது. அக்காவைக் கட்டியவர். இலத்தூரில் வயல், அரிசி மில் என்று வசதியான குடும்பம். மனுஷனுக்கு நெல்லில் மனசே கிடையாது. ஆரியங்காவுக்கு மேலே எஸ்டேட் வைத்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குக் கப்பலேறும்போது, அவருடைய ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிவிட்டார். யுத்தத்துக்கு முந்தைய மாடல். பச்சைப் பெயின்ட், கம்பிச் சக்கரம், மடக்குகிற கான்வாஸ் கூரை. வைகாசியில் கல்யாணம். ஆனி முழுக்க அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துச் செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்குமாக ஓட்டினார். ஊர் வாய் பார்த்தது.

காரோடு கம்பெனிப் புத்தகமும் வந்திருந்தது. எந்த டயர், எந்த எண்ணெய், எவ்வளவு காற்று என்று எல்லாம் அதில் உண்டு. அத்தான் அதைச் சஷ்டி கவசம் மாதிரி மனப்பாடம் பண்ணியிருந்தார். சிக்கல் என்னவென்றால், பத்தொன்பது அங்குலத்தில் அந்த ஒல்லி டயர் மதுரையில்கூடக் கிடைக்கவில்லை. தென்காசியில் அவருக்கு வாடிக்கையான பட்டறை பாய்க்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

"பத்தொன்பதுதான? டயர் வண்டிக்கு அதே வட்டம் வருது. பாவூர்சத்திரத்துல நாளைக்கே எடுத்துரலாம்."

"மாட்டு வண்டி டயரா பாய்?"

"மாடு இதுவரைக்கும் ஒண்ணும் கொறை சொல்லலையே."

"மாடு அம்பது மைல் வேகத்துல போகாது."

"அப்ப மோட்டார் சைக்கிள் டயரைப் போடுங்க. அதுவும் பத்தொன்பதுல இருக்கு. ஒல்லியா லெச்சணமா இருக்கும்."

"அது சாஞ்சு திரும்புத வண்டிக்குள்ளது. இது நிமிந்தே திரும்பும். வளைவுல பக்கவாட்டுல இழுத்தா பிச்சுக்கிட்டுப் போயிரும்."

"எல்லாம் புக்குல போட்டிருக்கோ?"

"போட்டிருக்கு."

"அப்ப அந்த புக்கையே சக்கரத்துல சுத்திக்கிட்டு ஓட்டுங்க அண்ணாச்சி."

அத்தான் சிரித்துவிட்டு வந்துவிட்டார். அவர் சொன்னதுதான் சரி. எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான். தப்பான டயரை அந்தக் காரில் ஏற்ற அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை.

எண்ணெய்க்கும் இதே கூத்து. பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றுகிற எண்ணெயைத் தொடமாட்டார். கம்பெனி ஒப்புக்கொண்ட எண்ணெய் சீல் வைத்த டின்னில் கொச்சியிலிருந்து வந்தது. கோடைக்குக் கெட்டி எண்ணெய், குளிருக்கு இளகின எண்ணெய் என்று புத்தகம் சொன்னது. ரெண்டு வகையையும் வரவழைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே மாப்ளே, நீதான் பாளையங்கோட்டையில போய் படிச்சவன். ஜூலை மாசம் நமக்குக் கோடையா, குளிரா?"

"புக்கு எழுதுனவனுக்குக் கோடை. குத்தாலத்துக்குச் சாரல்."

"சாரலுக்குன்னு புக்குல ஒரு கட்டம் இல்லையேலே."

"எழுதிப் போடுங்க. அடுத்த பதிப்புல சேப்பான்."

கடைசியில், இஞ்சின் பழசு என்று கெட்டி எண்ணெயே முடிவானது. ரெண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க அதைப் பேசினோம்.

அப்பா மெட்ராஸில் தெரிந்தவரைப் பிடித்து, மருமகனுக்குச் சீராக நாலு டயரும் வாங்கி ரயில் பார்சலில் வரவழைத்தார். தென்காசி ஸ்டேஷனில் அது வந்து இறங்கியபோது ஆடி பிறந்திருந்தது. தலை ஆடி என்று அக்காவையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம். ஆடி முடிகிறவரை புருஷன் பெண்டாட்டி ஒரே வீட்டில் தங்கக்கூடாது. புதுசாக எதையும் தொடங்கவும் கூடாது. டயரும் புதுசுதானே.

"ஆவணி பொறக்கட்டும், பூட்டிக்கிடலாம்" என்றாள் அம்மா. டயர்களுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மச்சில் ஏற்றச் சொன்னாள்.

"அத்தை சொன்னா சரிதான்" என்றார் அத்தான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அத்தான், ஆடி மாசம் ஆகாதுன்னு புக்குல எந்தப் பக்கத்துல போட்டிருக்கான்?"

அவர் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "வாய மூடுலே. ஆடியில டயரைப் பூட்டி நாளைக்கு ஒரு சிராய்ப்புன்னாலும், எங்க வீட்டுப் பொம்பளைக உங்க அக்காவைத்தான் சொல்லுவாக. காலடி எடுத்து வச்ச நேரம்பாக. எனக்கு அது வேண்டாம். மெதுவா ஓட்டிக்கிடுதேன்."

அப்புறம் உள்ளே எட்டிப்பார்த்துக் கேட்டார். "அத்தை, எண்ணெய் மாத்திக்கிடலாமா?"

"எண்ணெயில என்ன புதுசு? தேச்சுக் குளிக்கதுதான."

எண்ணெய் மாறியது. டயர் மாறவில்லை.

சீசனுக்குக் குற்றாலத்தில் ஒரு வீடு எடுத்திருந்தோம். அருவியில் குளிக்கிற சாக்கில் அத்தான் காலையிலேயே வந்துவிடுவார். பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்து அக்காவோடு ரெண்டு வார்த்தை பேசலாம், அதற்குத் தடையில்லை. ஆடி கடைசி வாரம். அன்று தலை துவட்டாமலே கிளம்பினார். மில்லில் வேலை. காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கேளு மாப்ளே. சத்தம் இருக்கா? தையல் மிஷின் கணக்கா ஓடுது."

அக்கா ஜன்னலில் நின்றாள். "மெதுவா போங்க."

"நான் மெதுவாத்தான் போறேன். இஞ்சின்தான் கேக்க மாட்டேங்குது."

சாரல் கனத்திருந்தது. இலஞ்சி தாண்டி வயலுக்கு நடுவே ரோடு வளைகிற இடத்தில் கார் கவிழ்ந்து கிடப்பதாக பஸ் கண்டக்டர் ஒருவர் வந்து சொன்னார். நானும் அப்பாவும் ஓடினோம். நாற்று மூழ்கிய தண்ணீரில் கார் தலைகீழாகக் கிடந்தது. முன்பக்க இடது டயர் வாய்விட்டுப் பிளந்து, நூல்நூலாகத் தொங்கியது. அத்தானைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். தென்காசி ஆஸ்பத்திரியில் மத்தியானம் வரை இருந்தார். தண்ணீர் கேட்டார். கொடுக்கக்கூடாது என்றார்கள். நான் கொடுக்கவில்லை. பிறகு அவர் கேட்கவும் இல்லை.

எந்தப் பேச்சுக்குப் பயந்து அவர் அந்த டயரைப் பூட்டாமல் விட்டாரோ, அந்தப் பேச்சு இலத்தூரில் சவம் எடுக்கும் முன்பே தொடங்கிவிட்டது. அக்கா காதுபடவே சொன்னார்கள், "வந்த ஆடியிலயே." அவள் தலையை நிமிர்த்தவில்லை. காரியம் முடிந்து திரும்புகிற வழியில் அம்மா வண்டிக்குள் முனகிக்கொண்டே வந்தாள்.

"ஆடியில அந்த எண்ணெயை மாத்த விட்டிருக்கக் கூடாது. நான்தான் புத்தி கெட்டுப்போய் சரின்னுட்டேன்."

"டயரும்மா" என்றேன். "டயர் வெடிச்சுச் செத்தாரு. எண்ணெயில ஒண்ணுமில்ல."

"அதான் சொல்லுதேன்லே. எண்ணெய் மாத்துனதுக்கே இந்தக் கதி. டயரையும் மாத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்?"

அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா என் கையைப் பிடித்து, பேசாதே என்பதுபோல அழுத்தினாள்.

அக்கா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். நாலு டயரும் மச்சில் கிடக்கின்றன. அந்த அளவுச் சக்கரம் உள்ள கார் தென்காசியில் யாரிடமும் இல்லை.