பஞ்சர் ஆகாத நான்கு மாதங்கள்

போன மாதம் ஒரே வாரத்தில் என் கியர் சைக்கிள் மூன்று முறை பஞ்சர் ஆனது. வாங்கிய புதிதில் ஒருமுறை ஆனதோடு சரி. அப்புறம் நான்கு மாதம் ஒன்றுமே இல்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த டயரின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். கேட்டவர்கள் பாவம்.

சைக்கிள் வாங்க வைத்தது டாக்டர். சர்க்கரை. நடக்கச் சொன்னார். போரடிக்கிறது என்றேன். அப்படியானால் ஓட்டுங்கள் என்றார். கொழுத்த டயர், பதினெட்டு கியர்... ஐம்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று மனைவி கேட்டாள். தேவைதான் என்று இப்போது அவளும் ஒப்புக்கொள்கிறாள் — ரிப்போர்ட்டைப் பார்த்த பிறகு.

புதுவாயல் பக்கத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. பெயர்தான் பூங்கா. முன்பக்கம் நாலு பெஞ்ச், ஒரு சறுக்குமரம். பின்பக்கம் முழுக்கத் தைலமரமும் வேலிகாத்தான் முள்மரமும்தான். அதற்குள் ஓர் ஒற்றையடிப் பாதை. ஏரிக்கரை மேல் ஏறி, மரங்களுக்குள் வளைந்து, ஒரு பள்ளத்தில் திடுதிப்பென்று இறங்கி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். ஒரு சுற்று மூன்று கிலோமீட்டர். விடிகிற நேரத்தில் அந்தப் பள்ளத்தில் இறங்கும்போது அடிவயிற்றில் ஒரு கூச்சம் வருமே... அதற்காகவே தினமும் எழுந்திருக்கலாம்.

ஒரே தொல்லை, எதிரே வரும் பெண்கள். பதினோரு பேர். இறால் கம்பெனியில் ஆறு மணி ஷிஃப்ட். பஸ்ஸை விட்டு இறங்கி, பூங்காவின் பின் கேட் வழியாகக் குறுக்கே நடந்து போவார்கள், ஒருவர் பின் ஒருவராக. மணி அடித்தால் ஒதுங்குவார்கள்தான். ஆனால் நான் பிரேக் பிடிக்க வேண்டும், கியர் மாற்ற வேண்டும், வேகம் போய்விடும். பாஸ் வாங்கி உள்ளே வருகிறவன் நான். அவர்கள் யார்?

இந்தக் கேள்வியை அப்படியே மனுவாக எழுதி பூங்கா அலுவலகத்தில் கொடுத்தேன். பத்திரிகையில் எழுதுகிறவன் என்று ஒரு வரியும் சேர்த்தேன். நான்கே நாளில் பின் கேட்டுக்குப் பூட்டு போட்டுவிட்டார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் பலித்த மனு வேறு கிடையாது.

அடுத்த வாரம்தான் அந்த மூன்று பஞ்சர்.

பின் கேட்டுக்கு எதிரே பஞ்சர் கடை வைத்திருக்கும் பாயிடம் டயரைத் திட்டித் தீர்த்தேன். அவர் ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே சொன்னார்: "டயர் இன்னா சார் பண்ணும்? அந்தப் பொம்பளைங்க டெய்லி முள்ளை ஓரமா இழுத்துப் போட்டுக்கினு போவாங்க. இப்ப கேட்டைப் பூட்டிட்டாங்க. யாரு போடறது?"

நமக்குச் சுலபமாக நடக்கிற காரியத்துக்கெல்லாம் நம் சாமர்த்தியம்தான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம், இல்லையா? நான் டயரையாவது பாராட்டினேன். அந்த மட்டும் பரவாயில்லை.

கேட் பூட்டிய பிறகு அவர்கள் ஹைவே வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும்; மறுநாள் இருட்டு பிரியுமுன் அங்கே போய் நின்றேன். பதினோரு பேரும் ரோட்டோரம் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார்கள். கண்டெய்னர் லாரி ஒன்று உரசுகிற மாதிரி போனது. கடைசியாக வந்த பெண் டிபன் பையோடு சரிவில் சறுக்கி விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, மறுபடி ஓட்டம். ஆறு மணி அடித்தால் கம்பெனி கேட்டை மூடிவிடுவார்களாம். அதற்கு மேல் வந்தால் அன்றைய வேலை இல்லை. பூட்டு போட்ட பிறகு மூன்று பேர் அப்படித் திரும்பிப் போயிருக்கிறார்கள். முன்னால் வந்த கஸ்தூரி என்ற பெண்மணிதான் நடந்துகொண்டே இவ்வளவும் சொன்னார். யாரோ மனு கொடுத்துவிட்டார்களாம் என்றேன் நான். யாரோ!

பூட்ட நான்கு நாள் ஆனது. திறக்க மூன்று வாரம் ஆனது. தினமும் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். நீங்கள்தானே எழுதிக் கொடுத்தீர்கள் என்று என் கையெழுத்தை எனக்கே காட்டினார்கள். தப்பு என்னுடையது என்று இன்னொரு மனு எழுதினேன். அதற்குள் அந்தப் பெண்களில் ஒருவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்... இந்தப் பயத்தில் சரியாகத் தூங்கவில்லை. சர்க்கரையும் ஏறிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை பூட்டை எடுத்தார்கள். புதன்கிழமை காலை பாதையில் எதிரே வந்தார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு, அந்த மனுவைக் கொடுத்தது நான்தான் என்று கஸ்தூரியிடம் சொன்னேன்.

"தெரியும் சார். பூட்டு போட்ட அன்னிக்கே பார்க் வாட்ச்மேன் சொல்லிட்டாரு" என்றார்.

ஹைவேயில் என்னோடு பேசிக்கொண்டு வந்தபோதும் தெரிந்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். உங்கள் காலில் குத்தாமலிருக்க நீங்கள் முள்ளை ஒதுக்கினீர்கள், அந்தப் புண்ணியத்தில் நானும் சொகுசாக ஓட்டினேன், ரொம்ப நன்றி என்றேன்.

கஸ்தூரி சிரித்துவிட்டார். "எங்க காலுக்கு இன்னா சார், பாத்து வச்சிக்கினு போயிடுவோம். வந்த புதுசுல ஒரு நாள் பஞ்சராகி, மூச்சு வாங்க வண்டியைத் தள்ளிக்கினு வந்தீங்களே... பாக்கவே பேஜாராப் போச்சு. அதுலேர்ந்துதான் முள்ளை ஓரமா போடறது."

எனக்காக. மணி அடித்து விரட்டிக்கொண்டிருந்த எனக்காகத் தினமும் குனிந்திருக்கிறார்கள். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்கள். சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நான் பாதையை விட்டு இறங்கி நின்றேன். பதினோரு பேரும் என்னைத் தாண்டிப் போக ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் மனு போட்டிருந்தேன்.