பீடியை விட்ட எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அண்ணி என்னிடம் சொன்னபோது, “நல்லவரு வல்லவருன்னு எழுதி முடிச்சிடாத. அவரு பட்டத எழுது” என்றும் சொன்னார். அண்ணனுக்கு ஒரே தங்கை நான். அவரிடம் அதிகம் சண்டை போட்டவளும் நான்தான். ஆகவே பட்டதை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஜீவனஹள்ளியில், ஒரே தண்ணீர்க் குழாயை நம்பிப் பல குடித்தனங்கள் வாழ்ந்த காம்பவுண்டில். எங்கள் அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். சாரத்திலிருந்து விழுந்து அவர் படுக்கையில் விழுந்தபோது அண்ணனுக்கு மீசை முளைக்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டு ஆட்டோ கேரேஜில் சேர்ந்தார். வண்டி கழுவவும் ஓட்டவும் அங்கேதான் கற்றார். பீடியும் அங்கே கற்றதுதான். பிறகு சொந்த ஆட்டோ வாங்கி, அம்மா அப்பாவைக் கடைசிவரை காப்பாற்றி, எனக்குக் கல்யாணம் செய்துவைத்து, அதற்கு அப்புறம்தான் தன் கல்யாணத்தைப் பற்றி நினைத்தார். கோபம் அதிகம். அதைவிட அன்பு அதிகம். ஆனால் கோபம் மட்டும்தான் வெளியே தெரியும்.

தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்தபோது பல நாள் வண்டியை வெளியே எடுக்க முடியவில்லை. வீட்டிலேயே அடைந்து கிடந்து, ஒரு பீடி அணையும் முன் அடுத்ததைப் பற்றவைத்தார். கலவரம் ஓய்ந்து தெரு பழையபடி ஆனது. அண்ணன் மட்டும் பழையபடி ஆகவில்லை. நாலு எட்டு நடந்தால் வலது கால் கெண்டைச் சதை பிடித்துக்கொள்ளும், நின்றால் விடும், மறுபடி நடந்தால் பிடிக்கும். விரல்கள் ஐஸ்போல் சில்லிட்டுக் கிடந்தன. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “தினக்கே எஷ்டு பீடி?” என்று கன்னடத்தில் கேட்டார். தினம் எத்தனை பீடி என்பது கேள்வி. பீடிப் புகையால் காலின் ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன என்று டாக்டர் விளக்கினார். நாங்கள் எழுந்து வரும்போது, “காலு பேக்கா, பீடி பேக்கா? எரடூ சிகல்ல” என்றார். காலா பீடியா, ஒன்றுதான் கிடைக்கும் என்று அர்த்தம். ஆட்டோக்காரருக்கு வலது கால் பிரேக்குக் கால். அது போனால் குடும்பமே போன மாதிரி.

அண்ணன் அன்றே விட்டார். எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். சில மாதங்கள் நன்றாகவே போயின.

அடுத்த வருடம் ஆயுத பூஜை வந்தது. ஆட்டோ ஸ்டாண்டில் வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, பொரி கொடுத்த பிறகு, “நம்ம ஸ்டாண்டுல பீடிய விட்ட ஒரே ஆம்பள” என்று அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துச் சாமந்தி மாலை போட்டார்கள். பின்னாலேயே வெற்றிலை பாக்குத் தட்டு வந்தது. மரியாதைக்காக அந்தத் தட்டில் வருடா வருடம் சிகரெட்டும் வைப்பது ஸ்டாண்டு வழக்கம். மாலை போட்டவர்களுக்கு அதை எடுத்துவிட வேண்டும் என்று தோன்றவில்லை. போட்டுக்கொண்டவருக்கும் தோன்றவில்லை. கை தானாகப் போய் ஒன்றை எடுத்தது, பக்கத்தில் இருந்தவர் தீக்குச்சி உரசினார். கழுத்தில் மாலையோடு அண்ணன் புகை விட்டார். அன்றைக்கு எல்லாருக்கும் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து பீடிக் கட்டு மறுபடியும் சட்டைப் பையில் ஏறிவிட்டது. மழைக்காலம் முடிவதற்குள் வலது காலின் சுண்டு விரல் கறுத்தது. விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடிவந்தவர் ஸ்டாண்டின் மூத்தவர் கரீம் பாய். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும், “எங்க கையாலதான் போச்சுப்பா. நாங்கதான் தட்டுல வெச்சிக் குடுத்தோம்” என்று வாய்விட்டு அழுதார். அண்ணன் அவரைத் தேற்றினார்: “ஒரு வெரல்தான பாய்? பிரேக் அடிக்க மீதி இருக்குது, உடு.” பாய் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்தது கால் என்று அவருக்குத் தெரியும்.

கட்டு மாற்ற வந்த நர்ஸ் அம்மாதான் அந்த யோசனையைச் சொன்னார். பீடி நினைப்பு வந்தால் அப்படியே நின்றுகொண்டிருக்காது, அலைபோல ஏறிவிட்டுச் சற்று நேரத்தில் இறங்கிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தைத் தனியாக இருக்காமல் தள்ளிவிடுங்கள், யாரிடமாவது பேசுங்கள் என்றார். அண்ணனுக்கு யாரிடமாவது பேசுவது என்றால் சண்டை போடுவது. இருந்தாலும் தலையை ஆட்டினார்.

இரண்டாவது முறை விட்டது முதல் முறைபோல் இல்லை. பேய் பிடித்தவர்போல் ஆனார். தூக்கம் போயிற்று. குழம்பில் உப்பு குறைந்தது என்று தட்டு பறந்தது. அண்ணி சத்தமில்லாமல் சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டு, “இது உங்கண்ணன் பேசல சாந்தி, பீடி பேசுது” என்று என்னிடம் சொல்வார். காலையில் காபி குடித்ததும் அண்ணன் கை பீடியைத் தேடும் என்பதால் வீட்டில் காபியையே நிறுத்தி ராகிக் கஞ்சி காய்ச்சினார். காபி இல்லாவிட்டால் தலைவலியில் துடிக்கிறவர் எங்கள் அண்ணி. துணியைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவரும் கஞ்சிதான் குடித்தார். இதையெல்லாம் அவரே வாசிக்கப்போகிறார் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஸ்டாண்டுக்காரர்கள் செய்தது இன்னொன்று. புகை பிடிக்கிறவர்கள் எல்லாரும் டிரான்ஸ்பார்மருக்குப் பின்னால் போய்ப் பிடிக்க ஆரம்பித்தார்கள். அதோடு, அண்ணன் எப்போதுமே சவாரி ஏறிவிட்டால் பீடியைத் தொடமாட்டார், அது அவர் தொழில் ஒழுக்கம். அதைத் தெரிந்துவைத்திருந்த ஸ்டாண்டுக்காரர்கள், வரிசையில் நிற்கும்போது அவர் முகம் மாறுவதைப் பார்த்தாலே முன்னால் நிற்கும் வண்டியை ஓரம் கட்டிவிடுவார்கள். “ஹோகு அண்ணா, நீனு மொதலு ஹோகு” என்பார் ஸ்டாண்டு டிரைவர் சிவண்ணா. நீ முதலில் போ என்று தனக்கு வரவேண்டிய சவாரியைத் தள்ளிவிடுவார். ஆட்டோ ஸ்டாண்டில் வரிசைக்காக மண்டை உடைவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட காரியம் என்று புரியும். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை. கரீம் பாய் ஆரம்பித்தார், மற்றவர்கள் செய்தார்கள்.

என் பங்கு போன். காக்ஸ் டவுனில் என் வீட்டுக்காரர் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். பகலெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவள் நான். சவாரி இறக்கிவிட்ட இடத்தில் நினைப்பு வந்தால் அண்ணன் ஏதாவது ஒரு கடையில் ஒரு ரூபாய் காயின் பாக்ஸிலிருந்து கூப்பிடுவார்.

“சாந்தி, இன்னா பண்ற?”

“உன்கூட போன்ல பேசிக்கினு இருக்கேன்.”

“கொழம்பு இன்னா?”

“காலைலயே கேட்டியே அண்ணா, கருவாடு.”

“மறந்துட்டேன். அங்க மழ வருதா?”

அவர் நிற்பது சிவாஜிநகர். நான் இருப்பது பக்கத்திலேயே, காக்ஸ் டவுன். இங்கே வேறு மழையா பெய்யும்? பீடி என்ற வார்த்தையை அவர் சொல்லவே மாட்டார், நானும் கேட்கமாட்டேன். காயின் தீர்ந்து லைன் போவதற்குள் அவர் குரல் இறங்கிவிடும். “சரி வெச்சிடு, கஸ்டமர் வந்திருப்பாங்க” என்று என்னமோ நான் கூப்பிட்டுத் தொந்தரவு கொடுத்த மாதிரி முடிப்பார்.

ஒருநாள் சாயங்காலம் பூத்தில் கூட்டம். போன் அடித்தது.

“சாந்தி, கையில இருக்குது.”

“இன்னாண்ணா?”

“சிகரெட்டு. வாங்கிட்டேன். இன்னும் பத்த வெக்கல.”

பின்னால் பஸ் சத்தம் கேட்டது. எப்போதும் திட்டுகிற எனக்கு அன்றைக்குத் திட்டவும் வரவில்லை. “எங்கண்ணா இருக்கற?” என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. திருப்பிக் கூப்பிட எந்த நம்பர் என்று தெரியாது. ரிசீவரை வைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டேன். ஊருக்குப் பேச நின்றவர்கள் கத்தினார்கள். ஒருத்தரையும் தொட விடவில்லை. கண்ணுக்குள் அண்ணனின் கால்தான் நின்றது.

மறுபடி அடித்தது. “சில்லற இல்லமா. சிகரெட்ட கடைக்காரன் கையிலயே குடுத்துட்டு காயின் வாங்கினேன். நீ எதுனா பேசு.”

பேசினேன். அவர் மகளின் பள்ளிச் சட்டையில் பட்டன் போனதில் ஆரம்பித்து, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது வரை மூச்சு விடாமல் பேசினேன். கூட்டத்தில் கத்திக்கொண்டிருந்தவர்கள் என் கண்ணில் தண்ணீர் வழிவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். கடைசியில் அண்ணன், “சவாரி வந்திருக்குது, போறேன்” என்றார். நிம்மதியாக இருந்தது.

அதற்குப் பிறகு அவர் தொடவே இல்லை. கால் தப்பித்தது. அதே காலால் பிரேக் அழுத்தி மகளைப் படிக்கவைத்தார், மகனுக்கு ஹெப்பகோடிப் பக்கம் கம்பெனியில் வேலை கிடைக்கும்வரை ஓட்டினார். மகள் கல்யாணத்தன்று பந்தல் முழுக்க நடந்து நடந்து எல்லாரையும் சாப்பிட உட்காரவைத்தார். எனக்குப் போன் வருவதும் மெல்லக் குறைந்து நின்றது. எங்கள் அண்ணன் பீடியை அடியோடு மறந்துவிட்டார் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு நெஞ்சு வலி வந்தது. சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். எங்கள் எல்லாரையும் பார்த்துப் பேசிவிட்டு, ஒரு காலை நேரத்தில் அமைதியாகக் கண்மூடினார்.

காரியத்தன்று நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். போனவருக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைப்பது நம் வழக்கம். மீன் வறுவல், மைசூர்பாகு, காரசேவு எல்லாம் இலையில் இருந்தன. ஆனேக்கலில் இருந்து வந்த சித்தப்பா அண்ணனை இளவயதில் அதிகம் பார்த்தவர். மடியிலிருந்து ஒரு கட்டுப் பீடியையும் தீப்பெட்டியையும் எடுத்தார். “உசுரா இருந்தான் இதுக்கு. வெக்கலன்னா ஆத்மா ஏங்கும்” என்றார். சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்தது.

“சித்தப்பா, அண்ணன் அத மறந்து எத்தினி வருசம் ஆச்சு!” என்றேன்.

“மறக்கல” என்றார் அண்ணி.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

“ஒரு நாளும் மறக்கல மாமா. தெனமும் மொத சவாரி எறக்கி உட்டதும் நெனப்பு வரும்னு சொல்வாரு. ஆஸ்பத்திரில படுத்துக்கினும் சொன்னாரு. ஆச இருந்துச்சு. இருந்தும் தொடல. உசுரோட இருந்தப்ப வேணாம்னு தள்ளுனத, கையெடுத்துத் தள்ள முடியாதப்ப கொண்டாந்து எலைல வெக்கறதா?”

சித்தப்பா பீடிக் கட்டை மடியில் செருகிக்கொண்டு, அண்ணன் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

அண்ணன் நோயிலும் முடிவிலும் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கேட்காமலே வண்டியை ஒதுக்கி வழிவிட்ட ஸ்டாண்டு நண்பர்கள், முதுமையிலும் பாடைக்குத் தோள் கொடுத்துச் சுமந்த கரீம் பாய், சிவண்ணா, நாங்கள் பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த நர்ஸ் அம்மா, விற்ற சிகரெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்ட முகம் தெரியாத கடைக்காரர், இவர்கள் எல்லாருக்கும் நாங்கள் பட்ட நன்றிக்கடன் பெரியது. அண்ணிக்கு நன்றி சொன்னால் திட்டுவார். ஆகையால் சொல்லவில்லை.

இன்று மதியம் படையல். அண்ணனுக்குப் பிடித்தது என்று நீங்கள் நினைக்கும் எதையும் அன்போடு கொண்டுவந்து வையுங்கள். பீடி மட்டும் வேண்டாம். அவர் அதை மறந்துபோயிருந்தால் வைத்தாலும் பரவாயில்லை என்று விட்டிருப்போம். மறக்காமலேதான் கடைசிவரை வேண்டாம் என்றார்.