கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தவர்

டெக்சாஸில் யூதப் படுகொலை நினைவு அருங்காட்சியகத்துக்கு எங்களோடு வேனில் வந்த பெரியவர், யாரோ ஒருவரின் மாமனார். இஸ்திரி கலையாத அரைக்கைச் சட்டை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார். மனிதர்களை அடைத்துச் சாகக் கொண்டுபோன ரயில்பெட்டியின் முன்னால் நின்று விம்மி அழுதார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

வெளியே வந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் சொன்னார்: "என்ன இருந்தாலும், ஹிட்லர் மாதிரி ஒருத்தன் வந்தாத்தான் தம்பி நம்ம நாடு உருப்படும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தப் பெட்டியில முதல்ல யாரை ஏத்தலாம், அங்கிள்?" என்றேன். வாயடைத்துப்போவார் என்று நினைத்தேன்.

அவர் யோசிக்கவேயில்லை, வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டாவதாக எங்கள் சாதியைச் சொன்னார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

பாவி மனுஷனுக்கு அழுத கண் இன்னும் காயக்கூட இல்லை.