குறைக்குப் பக்கத்தில் எழுதிய பெயர்

பொருட்காட்சிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி மூன்று ஞாயிற்றுக்கிழமை உங்களை ஏமாற்றிவிட்டேன். அப்பா போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்று இரண்டு பேரும் அம்மாவிடம் சொன்னீர்கள். சொன்னது சரிதான். அப்படி என்ன பார்த்தேன் என்பதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற டீ-ஷர்ட்டை மேசையில் விரித்து, டேப் வைத்து அளந்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எல்லாம் பார்க்கிற பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். குறை இருக்கிற இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த பீஸ் ஆல்டருக்குப் போகும். அதாவது, தைத்தவரிடமே திரும்பிப் போகும்.

எந்த அளவு சரி என்பது ஆர்டர் கொடுத்த வெளிநாட்டுக்காரர் அனுப்புகிற தாளில் இருக்கும். முழுக்க ஆங்கிலம். முன்பெல்லாம் அதை நான்தான் எழுத்துக் கூட்டிப் படித்து, தமிழில் சார்ட் பேப்பரில் எழுதி ஒட்டுவேன். ஒடிசாவிலிருந்து வந்த பெண்களுக்குச் சைகையிலும் அரைகுறை இந்தியிலும் சொல்வேன். ஒரு எண்ணை மாற்றி எழுதினால் அன்றைக்குத் தைத்தது அத்தனையும் பிரிக்க வேண்டும்.

நான்கு வருடத்துக்கு முன் சோமனூரில் ஒரு பெண் இதற்கென்று ஒரு மென்பொருள் எழுதினாள். அவளுடைய அம்மா ஒரு காலத்தில் எங்கள் மேசையில் நின்றவர், அந்தப் பழக்கத்தில் எங்கள் கஷ்டம் அவளுக்குத் தெரியும். ஆங்கிலத் தாளைக் கொடுத்தால் தமிழிலும் இந்தியிலும் படத்தோடு அளவு சார்ட் வந்துவிடும். அதை அவள் பூட்டி வைக்கவில்லை. எப்படி எழுதினாள் என்பதை யாரும் திறந்து பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று பொதுவில் வைத்துவிட்டாள். ஓப்பன் சோர்ஸ் என்பது இதுதான். இன்றைக்கு எத்தனையோ யூனிட்டில் இது ஓடுகிறது. பார்த்துக்கொள்ள இருப்பது மூன்றே பேர். திருத்துவது அவள் ஒருத்தி. வீரபாண்டியில் பிரிண்டிங் யூனிட்டில் கம்ப்யூட்டர் பார்க்கிற நண்பர் மற்ற ஏற்பாடுகளைச் செய்வார். யார் என்ன குறை சொல்கிறார்கள் என்று கேட்டுச் சொல்வது என் பங்கு.

குறைகள் எல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்துகொண்டிருந்தன. காலை வணக்கம் படம், முருகன் படம், நடுவில் "அண்ணா, சார்ட்டு தப்பா வருதுங்க" என்று ஒரு வாய்ஸ். எந்தச் சார்ட், எந்த அளவு, ஒன்றும் இருக்காது.

ஆடி பிறந்த முதல் ஞாயிறு சோமனூர்ப் பெண் போன் செய்தாள். அவள் வீட்டில் தறி ஓடுகிற சத்தத்தில் பாதி காதில் விழவில்லை.

"ஏனுங்கண்ணா, காத்தால இருந்து ஒக்காந்து ஒரு குறையைச் சரி பண்ணுனேன். அது போன மாசமே சரி பண்ணுனதுங்க. யாரோ பழைய வாய்ஸை மறுபடி அனுப்பியிருக்காங்க."

"தெரியாம அனுப்பியிருப்பாங்க அம்மிணி."

"தெரியாமத்தானுங்க. வாரம் பூரா கோயமுத்தூர்ல வேலை, கெடைக்கறது இந்த ஒரு நாளு. ஆடி முடியற வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள குறையெல்லாம் ஒரே எடத்துல எழுதி வெக்க ஒரு வழி பண்ணுங்க. இல்லீன்னா நான் விட்டர்றேனுங்க. கோவமில்லீங்க. முடியலீங்க."

அவள் விட்டால் வேறு ஆள் இல்லை. யாரும் திருத்தலாம் என்று திறந்து வைத்த நான்கு வருடத்தில் ஒருவர்கூடத் திருத்த வந்ததில்லை. வெளிநாட்டுத் தாள் சீசனுக்கு ஒரு மாதிரி மாறும். திருத்த ஆளில்லாவிட்டால் அடுத்த சீசனுக்கே அந்த மென்பொருள் உதவாது. மறுபடி நான், சார்ட் பேப்பர், சைகை.

குறைகளை எழுதி வைக்கவே தனி மென்பொருள்கள் இருக்கின்றன என்று அன்றைக்கே வீரபாண்டி நண்பர் சொன்னார். பதிவேடு மாதிரி. ஒரு குறைக்கு ஒரு நம்பர், அது இன்னும் இருக்கிறதா, சரியாகிவிட்டதா என்று ஒரு குறிப்பு. அதில் எதை எடுப்பது என்பதற்குத்தான் உங்கள் முதல் ஞாயிறு போனது. ஒன்றில் நுழைய ஈமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டது. எங்கள் பெண்களில் பாதிப் பேருக்குத் தங்கள் போனில் ஈமெயில் இருப்பதே தெரியாது. இன்னொன்றில் ஒரு குறையை எழுத இருபது கட்டம் நிரப்ப வேண்டும். நண்பருக்கு அதுதான் பிடித்திருந்தது.

"பெரிய பெரிய கம்பெனியெல்லாம் இதைத்தான் வெச்சிருக்காங்க."

"இதை ரொப்பி முடிக்கறதுக்குள்ள சரக்கு லாரி கிளம்பீருமுங்க" என்றேன்.

மூன்றாவது சின்னது, தமிழ்த் திரை உள்ளது, நாமே நிறுவிக்கொள்ளலாம். அதையே எடுத்தோம். குறை என்ன, போட்டோ, நிலைமை. இவ்வளவுதான் இருந்தது. நான்தான் இன்னொரு கட்டம் வேண்டும் என்றேன். யார் பொறுப்பு என்கிற பெயர்க் கட்டம், அதுவும் முதலில்.

"திருத்தறது ஒருத்தர்தானுங்களே, பேரு எதுக்கு?" என்றார் நண்பர்.

"பேரு இல்லாம எப்படீங்க" என்று நான் விடவில்லை.

முதல் வாரம் மூன்று குறை வந்தது. இரண்டாவது வாரம் ஒன்றுமில்லை. மூன்றாவது வாரமும் இல்லை. நண்பருக்கு ஒரே சந்தோஷம். எனக்கு இல்லை. இருபது வருடம் செக்கிங்கில் நின்றவனுக்கு, ஒரு பீஸ்கூட ஆல்டர் வராத தையல் லைனைக் கண்டால் சந்தேகம்தான் வரும். அந்த ஞாயிறு முழுக்கப் பதிவேட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் இரண்டாவது ஞாயிறு அது.

மறுநாள் மேசைக்கு மேலே ஒட்டியிருந்த சார்ட்டைக் கவனித்தேன். கழுத்து அகலம் ஏழு என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் நீலப் பேனாவில் கால் அங்குலம் சேர்த்திருந்தது. மேசையில் மூத்தவரான மங்கலத்து அக்காவைக் கேட்டேன்.

"இதை யாருங்க அக்கா திருத்துனது?"

"நானுங்க. ஏழேகாலுக்கு ஏழுன்னு வந்துச்சு. தாளைப் பாத்துத் திருத்துனேன். நெம்பரு எல்லாப் பாஷைலயும் ஒண்ணுதானுங்களே."

"பதிவேட்டுல எழுதலீங்களா?"

அக்கா டேப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "மொத வாரம் மூணு எழுதுனமுங்க. மூணுக்கும் முன்னால அந்தச் சோமனூர்ப் புள்ளை பேரு வந்து நின்னுச்சு. எல்லாக் கம்பெனியிலயும் இதைப் பாப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க."

"அப்பறம் எப்படீங்க எழுதறது? சும்மா செஞ்சு குடுக்கற புள்ளைங்க அது. அவங்கம்மா எங்ககூட இதே மேசைல நின்னவங்க. ஊரே பாக்கற எடத்துல அது பேருக்கு நேரா தப்பு தப்புன்னு எழுதச் சொல்றீங்க. பேனா இருக்குது, திருத்திக்கறோம்."

"அண்ணன் போர்டு வாசிச்சா மெஷினே அழுகுமுங்க. அந்தப் புள்ளை எம்மாத்திரம்" என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

போர்டு என்றால் என்னவென்று சொல்கிறேன். தினமும் காலையில் லைன் ஓடுவதற்கு முன், நேற்று எந்த டெய்லருக்கு எத்தனை ஆல்டர் என்று வெள்ளை போர்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி வாசிப்பது என் வேலை. வாசிக்கும்போது சிலர் தலையைக் குனிந்து நூலைக் கோத்துக்கொண்டிருப்பார்கள். அதனால்தான், சிநேகிதி தைத்ததில் வந்த குறையைச் செக்கிங் பெண்கள் சில சமயம் ஸ்டிக்கர் ஒட்டாமல் தாங்களே சரிசெய்து தள்ளிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருப்பேன். அப்படி இருந்தும், பதிவேட்டில் அதே போர்டைத்தான் நான் கேட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு யூனிட்டுக்குப் போன் செய்து கேட்டேன். அங்கேயும் பேனாதான்.

அந்த வாரமே நண்பரிடம் பெயர்க் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னேன். பேனாவில் திருத்திய சார்ட்டுகளை எல்லோரிடமும் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்துப் பதிவேட்டில் ஏற்றினேன். இருபத்தெட்டு குறை. அது உங்கள் மூன்றாவது ஞாயிறு. ஆடியின் கடைசி ஞாயிறும் அதுதான். ஏற்றும்போதே பயமாக இருந்தது. ஒரு குறையை இரண்டு தடவை பார்த்ததற்கே முடியவில்லை என்றவள், இருபத்தெட்டைப் பார்த்தால் என்ன சொல்வாள்?

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். அன்றைக்குக் கரண்ட் இல்லை போல. தறிச் சத்தம் இல்லாமல் குரல் தெளிவாகக் கேட்டது.

"ரெண்டு வாரமா ஒண்ணுமே வரலீங்களா, எல்லாரும் சாஃப்ட்வேரை விட்டுட்டாங்கன்னு நெனச்சனுங்கண்ணா. கேக்கறதுக்கும் சங்கடமா இருந்துச்சு."

நடந்ததைச் சொன்னேன். அக்கா சொன்னதையும் சொன்னேன்.

"எனக்காகவா எழுதாம இருந்தாங்க?"

"ஆமா அம்மிணி. பழக்கத்துல உங்களையும் போர்டுல ஏத்திப்புட்டேன்."

"அம்மாவும் அந்த போர்டைப் பத்திச் சொல்லுவாங்க" என்றாள்.

"விட்டர்றீங்களா?" என்று கேட்டேன்.

"இருபத்தெட்டைப் பாத்தா மலைப்பாத்தானுங்க இருக்குது. ஆனா என்ன எங்க தப்புன்னு இப்பத்தான் கண்ணுக்குத் தெரியுது. வாரத்துக்கு ஒண்ணுதான் பாப்பேன். அதுக்கு மேல கேக்கக்கூடாது."

"கேக்க மாட்டேனுங்க."

ஆவணியில் முதல் குறை சரியானது. கால் அங்குலத்தை விழுங்குகிற குறை. புது சார்ட்டைக் கொண்டுபோய் மேசைக்கு மேலே ஒட்டினேன். அக்கா கிட்டே போய்ப் பார்த்தார். ஏழேகால் அச்சில் வந்திருந்தது.

கம்பெனியில் போர்டு அப்படியேதான் இருக்கிறது. அதை எடுப்பது என் கையில் இல்லை. வாசிக்கும்போது பெயர் வருகிற இடத்தில் மட்டும் என் குரல் இறங்கிவிடுகிறது, அதனால் பின் வரிசைக்குக் கேட்பதில்லை என்று மேனேஜர் சொல்கிறார். பொருட்காட்சியும் முடிந்துவிட்டது.

பதிவேட்டில் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்று எழுதி முடித்ததும் அக்கா போனை என்னிடம் நீட்டி, எங்கேயும் பெயர் வரவில்லையே என்று ஒரு தடவை காட்டி உறுதி செய்துகொள்கிறார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்களே?"

"ஆகாதுங்க. எழுதுங்க."