மூதூர் லோஞ்சில் போய்த் திரும்பிய பெட்டி

எலெக்ட்ரோனிக்ஸ் படிப்பிக்கும் மென்பொருளைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக நினைக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கத்தில் நானும் அப்படிப் போனவள். மூதூரில் ரேடியோ திருத்தப் பழகும் பெண்களுக்கு அப்போது வகுப்பு எடுத்தேன். வகுப்பை நடத்திய சங்கத்தின் செயலாளர் ஒரு சின்னக் கொம்பியூட்டர் எடுப்பித்திருந்தார். இனி இதிலேயே படிப்பியுங்கள், ஈயம் பற்றவைக்கும் சோல்டர் அயன்களைப் பட்டினத்துப் பெடியன்களுக்குக் கொடுப்போம் என்றார். பெண்பிள்ளைகளுக்குச் சூடும் புகையும் ஆகாதாம். சோதித்துச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

திருகோணமலை இறங்குதுறையில் காலை ஏழு மணிக்கு லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு. மூதூருக்கு ஒன்றரை மணி நேரம். கொம்பியூட்டர்ப் பெட்டியையும் அதற்குத் திரையாக வைக்கும் ரீவியையும் உப்புத் தண்ணி படாமல் தார்ப்பாயால் மூடினேன். ரீவியில் என்ன படம் என்று லோஞ்ச்காரர் கேட்டார். கரண்ட் ஓடுகிற படம் என்றேன்.

கசெற்றிலிருந்து புரோகிராம் ஏறுவதற்குள் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கலாம். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், நல்ல சாமான். எது எதோடு சேருகிறது என்று எழுதிக் கொடுத்தால், எங்கே எத்தனை வோல்ட் என்று காட்டியது. எத்தனை பிழை விட்டாலும் ஒன்றும் எரியாது. பிள்ளைகள் அதை விட்டு எழும்பவே இல்லை.

செயலாளரும் அன்று வந்திருந்தார். திரையில் அவர் எழுதிய அம்பிளிபயர் சரியாக வேலை செய்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் அதையே மேசையில் உண்மைச் சாமான்களால் இணைத்துப் பூட்டத் தொடங்கினார். ஏதோ சொல்லக் கிட்டப் போன பரீதா என்ற பிள்ளையை, ஆபத்து, தள்ளி நில் என்று கையால் மறித்தார். கார் பற்றறியைக் கொடுத்த கொஞ்ச நேரத்தில் கண்டென்சர் டப்பென்று வெடித்தது. அதைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார். பிளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்று அந்தப் புரோகிராம் கேட்பதே இல்லை. நல்லகாலம், அவருடைய சட்டையோடு போயிற்று.

மனிதர் மசிந்தாரா? "பாத்தீங்களா ரீச்சர், இதுக்குத்தான் சொன்னனான். பொம்பிளைப் பிள்ளையளுக்குப் பெட்டி மட்டும் காணும்."

"வெடிச்சது உங்கட கையிலதானே சேர்," என்றாள் பரீதா. "எங்கட கையில இன்னும் ஒண்டும் வெடிக்கல்ல."

அயன் இருந்தால் பெட்டி இல்லை என்றார் அவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்ப பெட்டியை நீங்களே கொண்டு போங்கோ என்றேன். பின்னேர லோஞ்சில் அவர்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு போனார். அயன்கள் மூதூரிலேயே இருந்தன.

மென்பொருளைக் கட்டாயம் கொண்டுபோங்கள். பிழை விட்டுப் பழக அதைப்போல ஒன்றில்லை. ஆனால் அதைத் தருகிறவர் பதிலுக்கு எதை எடுக்கப் பார்க்கிறார் என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளின் கையில் இருக்கும் அயனைத்தான் என்றால், திரும்பிப் போக எப்போதும் ஒரு லோஞ்ச் இருக்கும். பெட்டியை அதில் ஏற்றிவிடுங்கள்.